மஞ்சள் தண்ணீரில் கழுவிய ஒன்பது கற்கள்

தம்பி, அம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கொழும்பில் இருந்து வரும் ரயிலில் வைத்து வாசி. வீட்டுக்கு வந்து ஆறுதலாகப் பார்க்கலாம் என்று பைக்குள் வைத்துவிடாதே. தபால் கந்தோரில் முப்பத்தொரு வருடம் ஊராரின் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவள் நான். எந்தக் கடிதம் எந்த இடத்தில் கையில் கிடைக்கவேண்டும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தொலைபேசியில் சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், நீ ஓம் என்பாய், பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். நேரில் என்றால் இன்னும் மோசம். உனக்குப் பிடித்த கறிகளை எல்லாம் ஒரே நாளில் சமைத்து, மிச்ச நாட்களை உன் சட்டைகளை மடிப்பதில் கழித்து, வாய் திறக்காமலே உன்னை விமானம் ஏற்றிவிடுவேன். இந்த முறை போனால் எப்போது திரும்புவாய் என்று உனக்கே தெரியாது. அதற்கு முன் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போன வருடம் உன் மீன்கள் செத்தது டெல்சியால் அல்ல, என்னால். இனி அதை முதலிலிருந்து சொல்கிறேன், ரயில் கிளிநொச்சிக்கு வருவதற்குள் வாசித்து முடித்துவிடலாம்.

அந்தக் கடல் மீன் தொட்டியை நீ வாங்கி வந்தபோது நான் எவ்வளவு புறுபுறுத்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவின் சாய்மனைக் கதிரை இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று நீ அங்கே அதை வைத்தாய். இணுவிலில் இருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் வெங்காயத் தோட்டமும் வாழையும்தான் தெரியும், இந்த வீட்டுக்குள் கடல் எதற்கு என்று கேட்டேன். ஒரு மாதம் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதன் முன்னால் இருந்தேன், அவ்வளவுதான், அது பழக்கமாகிவிட்டது. செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட அந்த மீனுக்கு நான் பெரியவர் என்று பெயர் வைத்ததை நீ அறியமாட்டாய். நான் விரலைக் கண்ணாடியில் வைத்தால் பெரியவர் வந்து விரலுக்கு நேரே நிற்பார். நீல வெளிச்சம் சுவரில் அசைந்துகொண்டிருக்கும். அப்படியே கண் அயர்ந்துபோகும். ஒருநாள் கனவில் எங்கள் வீடு முழுக்கக் கடல் தண்ணீர் நிறைந்திருந்தது, ஆனால் ஒன்றும் நனையவில்லை. அலுமாரிக் கதவு தானாகத் திறந்து மூடியது, என் சேலைகள் கொடியில் நீந்தின, அப்பா கதிரையில் இருந்து தண்ணீருக்கு அடியில் பேப்பர் வாசித்தார். ஒரு பக்கம் திருப்ப அவருக்கு வெகுநேரம் எடுத்தது. எழும்பின பிறகு அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டெல்சியை உன்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை என்றுதான் எனக்கு அறிமுகம் செய்தாய். குருநகர்ப் பிள்ளை, கடலட்டைப் பண்ணையில் வேலை, தகப்பன் இன்னும் கடல் தொழிலுக்குப் போகிறவர் என்றும் சொன்னாய். அவளைக் கட்டவேண்டும் என்று நீ எண்ணியிருந்ததை மட்டும் சொல்லவில்லை, அது உன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவள்தான் தொட்டிக்கு உயிர்க்கல் வேண்டும் என்றாள். உடம்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கிற கல், மீனின் கழிவை அவை தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். முருகைக்கல்லைக் கடலில் இருந்து எடுக்கச் சட்டம் விடாது, நாங்களே ஒரு கல்லைக் கொண்டுபோய்க் கடலில் போட்டு வளர்ப்போம் என்றாள். அப்பா இருந்த காலத்தில் கிணற்றை ஆழமாக்கியபோது வந்த சுண்ணக்கற்கள் முருங்கையடியில் குவிந்து கிடந்தன அல்லவா, அவற்றுக்குள் துளை நிறைந்த பத்துக் கற்களை நீங்கள் இரண்டு பேரும் இருந்து பொறுக்கினீர்கள். ஒரு கல்லில் சிப்பியின் அச்சு இருந்தது. இந்த ஊரும் ஒரு காலத்தில் கடலுக்குள் இருந்ததுதான், இவை தாய் வீட்டுக்குப் போகின்றன என்று நீ சொன்னாய். அவளுடைய தகப்பன் அவற்றை வலையில் கட்டித் தீவுப் பக்கத்துக் கடலில் இறக்கினார்.

பதினைந்து மாதம் கழித்து ஒன்பது கற்கள் வந்தன. ஈரப் பேப்பரில் சுற்றி, பெட்டிக்குள் குழந்தைகளைக் கிடத்திய மாதிரி அடுக்கி, டெல்சி கொண்டுவந்தாள். என் முற்றத்துக் கற்கள் என்று நம்பவே முடியவில்லை. ஊதாவும் றோசாவுமாக ஒரு பூச்சு அவற்றில் படர்ந்திருந்தது. ஒரு துளைக்குள் இருந்து இறகு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்து, என் நிழல் பட்டதும் உள்ளே போனது. அவற்றை நேரே தொட்டிக்குள் வைக்க நான் ஆசைப்பட்டேன். அவள் விடவில்லை. பின்விறாந்தையில், பாதியாக வெட்டிய நீலப் பிளாஸ்டிக் பரலில் கடல் தண்ணீர் நிரப்பி, கற்களை வைத்து, தண்ணீர் சுழல மோட்டர் போட்டு, சாக்கால் மூடினாள். கல்லோடு வந்தவற்றில் கொஞ்சம் பயணத்திலேயே செத்திருக்கும், செத்தது அழுகிக் கழியவேண்டும், அதற்குள் மீனோடு சேர்த்தால் தண்ணீர் நஞ்சாகிவிடும் என்றாள். மூன்று, நான்கு கிழமை மணக்கும், பிறகு ஒருநாள் அழுகல் மணம் போய்க் கடல் மணம் மட்டும் நிற்கும், அன்றைக்குத்தான் கல் ஆறியதாக அர்த்தம். மோட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பதைத் தவிர எதுவும் செய்யவேண்டாம் என்று என்னிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனாள். நீயும் புதன்கிழமை அலுவலகப் பயிற்சிக்கென்று கொழும்புக்குப் போனாய்.

என் கை சும்மா இராது என்று உனக்குத் தெரியும். அது மட்டும் என்றால் பரவாயில்லை, அது கந்தசஷ்டிக் கிழமை. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு, காலையில் வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, நான் கோயிலுக்குப் போய் வருகிறேன். திரும்பிப் படலையைத் திறந்தால் பின்விறாந்தையில் இருந்து அந்த மணம் வருகிறது. செத்த மீனும் அழுகிய பாசியும் கலந்த மணம். விரத வயிற்றில் அது எப்படி ஏறும் என்று நினைத்துப் பார். டெல்சி வியாழக்கிழமை வந்து, பாதித் தண்ணீரை மாற்றி, கல்லுக்குள் எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை காலையில் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஈசுவரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, விரதத்திலை கருவாடோ?" என்று கேட்டாள். அவள் பகிடியாகத்தான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அன்று பத்து மணிக்கு நான் அந்தப் பரலைக் கவிழ்த்து ஊற்றினேன். ஒன்பது கற்களையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய், எங்கள் கிணற்றின் நல்ல தண்ணீரில், மஞ்சள் கரைத்து, தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவினேன். இந்த வீட்டுக்குள் வருகிற எதையும் நான் அப்படித்தான் கழுவியிருக்கிறேன். சந்தை மரக்கறி, வெளியே போய் வந்த செருப்பு, பள்ளிக்கூடத்தால் வந்த நீ. கழுவினால் எதுவும் நல்லதாகும் என்பதற்கு மேலே ஒரு படிப்பு எனக்கு இருக்கவில்லை. கல்லில் இருந்து வழுவழுப்பாகச் சிறு பூச்சிகள் கழன்று விழுந்தன, பின்னும் நான்கு வாளி ஊற்றினேன். கடல் உயிருக்கு நன்னீரே எமன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கல் மணக்கவில்லை, எனக்கு அது போதுமாக இருந்தது. கழுவிய கல் சுத்தமான கல்தானே என்று அவற்றை உன் தொட்டிக்குள் அழகாக அடுக்கினேன். பதினைந்து மாதம் கடலில் காத்திருந்து வந்த கல்லுக்கு நான் ஐந்து நாள்தான் கொடுத்தேன். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

சனிக்கிழமை பின்னேரம் தண்ணீர் அரிசி கழுவிய நீர் போலக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் விரலை வைத்தேன். பெரியவர் வர முயன்று, பாதி வழியில் சரிந்து போனார். ஞாயிறு காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. விரதம் முடிந்த அன்று நான் அந்தத் தொட்டிக்கு முன்னால் இருந்து அழுதேன், ஏன் அழுகிறேன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை.

மத்தியானம் நீ வந்தாய். பையைக்கூட இறக்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கற்களில் மஞ்சள் படிந்திருந்ததைக் கண்டாய், செத்த கல் அப்படித்தான் நிறம் மாறும் என்று நினைத்திருப்பாய். பிறகு என்னைக் கேட்டாய்.

"டெல்சி வந்தவளோ?"

"ஓம். வியாழக்கிழமை வந்தவள்."

பொய் இல்லை, தம்பி. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், நான் அதை ஒரு உண்மையில் மறைத்தேன். நீ விறாந்தையில் நின்று அவளோடு தொலைபேசியில் கதைத்ததைக் குசினிக்குள் இருந்து கேட்டேன். அம்மா விரதத்தில் அந்தப் பரலுக்குக் கிட்டவும் போகமாட்டா, கல்லைத் தொட்டிக்குள் வைத்தது நீ இல்லாவிட்டால் வேறு ஆர் என்று கேட்டாய். பொறுமை இல்லாதவள், பொய்க்காரி என்றாய். அப்போது நான் இரண்டு அடி எடுத்து வைத்து வெளியே வந்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். நான் அடுப்பில் பருப்பைக் கிண்டினேன். இதைவிட வெட்கமான ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ கதைத்து முடித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவர்கள் கிறிஸ்தவச் சமயம், வேறு ஆட்கள், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நான் உன்னிடம் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாத கசடு ஒன்று என் மனதின் அடியில் கிடந்தது. இனி அந்தக் கதை இல்லை என்று அது சந்தோஷப்பட்டது. மீனுக்கு அழுத அதே மனம்தான்.

நீ தொட்டியை வெறுமையாக்கினாய், கற்களைத் திரும்ப முருங்கையடியில் எறிந்தாய், தை மாதம் இடமாற்றம் கேட்டுக் கொழும்புக்குப் போனாய். நான் ஒவ்வொரு நாளும் முற்றம் கூட்டும்போது அந்தக் கற்களைக் கண்டேன். வெயிலில் காய்ந்து எலும்பு மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தன. சொல்லுவோம், சொல்லுவோம் என்று நாள் போனது. வைகாசியில் நீ விசா கிடைத்த செய்தியைச் சொன்னாய். கட்டாயம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டேன். "இஞ்சை எனக்கு என்னம்மா கிடக்கு" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ களைத்த குரலில் சொன்னாய்.

அடுத்த நாள் ஒரு கல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். குருநகரில் அவர்களுடைய வீட்டை விசாரித்துப் போனபோது டெல்சி தலை முழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்தாள். தாய் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. புதுக் கோப்பை. அடியில் கடைக்காரன் ஒட்டிய தாள் இன்னும் உரிக்கப்படவில்லை. தங்களுடைய கோப்பையில் நான் குடிக்கமாட்டேன் என்று அவ நினைத்திருக்கிறா, அதற்காக என்னோடு கோபிக்கவும் இல்லை, ஒரு கோப்பையைத் தேடி எடுத்திருக்கிறா. அந்தத் தேத்தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்தேன். நான் கல்லை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். டெல்சி கல்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணம் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் பரலைத் தன் வீட்டில் வைத்திருப்பேனே என்றாள். "எங்கடை வீட்டிலை அது ஒருத்தருக்கும் மணக்காது அன்ரி." குத்திச் சொல்கிறவள் இல்லை அவள், உள்ளதைத்தான் சொன்னாள். எனக்குத்தான் குத்தியது.

நான்தான் என்று நீ அப்போதே ஊகித்திருப்பாயே, அவனிடம் சொல்லியிருக்கலாமே, ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் இல்லை எண்டு ஒருதரம் சொன்னனான் அன்ரி. ரெண்டாந்தரம் சொன்னால் உங்களைக் காட்டிக் குடுத்திருக்க வேணும். அதுக்காக நான் அழேல்லை. அவர் என்னட்டை ரெண்டாந்தரம் கேக்கேல்லை, அதுதான்."

இந்த இடத்தில் கடிதத்தை ஒருமுறை மடித்துவைத்து யன்னலுக்கு வெளியே பார், மகனே. பிறகு வாசி.

செத்த கல்லுக்கு உயிர் வருமா என்று நான் கேட்டேன். வரும் என்றாள். உயிருள்ள ஒரு கல்லைப் பக்கத்தில் வைத்தால் அதில் இருந்து மெல்ல மெல்ல மற்றவற்றுக்குப் பரவும், ஆனால் மாதக்கணக்காகும் என்றாள். பத்துக் கற்கள் அல்லவா கடலுக்குப் போனவை, வந்தவை ஒன்பதுதான். பத்தாவது கல் வலை அறுந்து விழுந்திருந்ததாம், தகப்பன் அதன் இடத்தை அறிவாராம். ஒரு கிழமையில் மூழ்கி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அன்றில் இருந்து பின்விறாந்தையில், பத்துக் கற்களோடும், அந்தப் பரல் திரும்ப இருக்கிறது. நீ தொலைபேசியில் எடுக்கும்போது பின்னால் என்ன இரைச்சல் என்று இரண்டு தரம் கேட்டாய், விசிறி என்றேன். அதுவும் பொய், அது மோட்டர். டெல்சி சனிக்கிழமை தோறும் நாலு மணிக்கு ஸ்கூட்டரில் இரண்டு பிளாஸ்டிக் கான் கடல் தண்ணீரோடு வருவாள். முதல் கிழமைகளில் மணந்தது, பத்தாவது கல்லின் மேல் இருந்த கடற்பஞ்சு ஒன்று செத்து அழுகியது. பழைய பல்லுப் பிறஸ்ஸால் அதை எடுத்தேன், கடல் தண்ணீருக்குள் வைத்தே எடுத்தேன். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுப் படவிடவில்லை. ஈசுவரி திரும்ப வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஓம், கொஞ்ச நாளைக்கு மணக்கும், பொறுத்துக்கொள் என்றேன். டெல்சி சின்னக் குழாயில் பரல் தண்ணீர் எடுத்து மருந்துத் துளி விட்டுப் பார்ப்பாள். நஞ்சு இருந்தால் பச்சையாகும், இல்லாவிட்டால் மஞ்சளாகவே நிற்கும். ஆனி முழுக்கப் பச்சை. ஆடியில் ஒரு சனிக்கிழமை மஞ்சளாகவே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இப்போதெல்லாம் மத்தியானங்களில் நான் பரலுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகை போட்டு இருக்கிறேன். அதில் மீன் இல்லை. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். முதலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக வந்தது. மயிர்க்காலை விடச் சின்னக் கால்களோடு ஒன்று ஊர்ந்து போகும். கடுகளவு நத்தை ஒன்று ஒரு மத்தியானம் முழுக்க ஒரு விரற்கடை தூரம் நடக்கும். இறகுக்காரர் வெளியே வருவார், நான் அசையாமல் இருந்தால் விரிந்தபடியே நிற்பார். ஆவணி கடைசியில், நான் கழுவிக் கொன்ற கற்களில் சிப்பி அச்சு இருந்த கல்லின் மேல், குங்குமப் பொட்டு அளவில் ஒரு றோசா நிறத்தைக் கண்டேன். கை வைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பின்னேரமும் கண் அயர்ந்தேன், திரும்ப வீட்டுக்குள் கடல் வந்தது. இந்த முறை அப்பாவின் கதிரை வெறுமையாக இருந்தது, பின்கதவு திறந்திருந்தது, அதால் யாரோ ஈரக் காலோடு வந்து வந்து போனார்கள். எழுந்து துடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பெற்றோர் புத்தி சொல்லித்தான் முடிப்பார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. உனக்குப் பிடித்தவர்களைப் பற்றி ஒருவர் ஒரு சொல் சொன்னால், சொன்னது உன் தாயாக இருந்தாலும், போய் ஒருமுறை விசாரி. ஒரு வீட்டுக்குள் புதிதாக வருகிறவர் தன் மணத்தோடுதான் வருவார். ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கும் ஒரு மணம் உண்டு, அது அவர்களுக்குத் தெரியாது. போகவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. உன் இஷ்டம். இங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே. என்னை மன்னிப்பதா இல்லையா என்பதை விமானத்தில் இருந்து யோசி, எனக்கு அவசரம் இல்லை. பொறுக்க இப்போது கொஞ்சம் பழகிவிட்டேன்.

நீ வருகிற நாள் சனிக்கிழமை. அது தற்செயல் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நம்பாதே. நீ வருவதை டெல்சியிடம் சொல்லிவிட்டேன். சரி என்றாள், வரமாட்டேன் என்று சொல்லவில்லை. தொட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். கற்களை அதற்குள் நான் வைக்கமாட்டேன், அதை நீங்கள் பாருங்கள்.

பயணத்தால் வந்தவர் கிணற்றடிக்குப் போய்க் கால் முகம் கழுவாமல் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று உன்னை வளர்த்தவள் நான். இந்த முறை கழுவவேண்டாம். பையை முன்விறாந்தையில் போட்டுவிட்டு, ரயில் தூசியோடு நேரே பின்பக்கம் போ. சாக்கை விலக்கிக் குனிந்து மணந்து பார், கடல்தான் மணக்கும். நாலு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் நான் குசினியை விட்டு வெளியே வரமாட்டேன். அவளிடம் இரண்டாந்தரம் கேள்.

அம்மா